நிலவொளியில் ஏற்றும் விளக்கு

தீபாவளி என்றவுடன் வடநாட்டார் மனத்தில் எழும் சித்திரம் வேறு, நம் மனத்தில் எழும் சித்திரம் வேறு. அவர்களுக்கு அது அமாவாசை இரவில் வாசலிலும் மாடத்திலும் வரிசை வரிசையாக அகல் ஏற்றி லக்ஷ்மியை வரவேற்கும் பண்டிகை. நமக்கோ அது விடியுமுன் எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, லேகியம் தின்று, வெடி கொளுத்தும் வைகறைப் பண்டிகை. தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கு வரிசை தீபாவளியன்று பெரும்பாலும் காணப்படாமைக்குக் காரணம், அதை நம் முன்னோர் வெகுகாலத்துக்கு முன்பே வேறொரு நாளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்பதுதான். ஐப்பசியின் அடைமழை சற்றே ஓய்ந்து, ஏரிகளும் குளங்களும் நிறைந்து, வயல்களில் சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும் கார்த்திகை மாதத்தில், சந்திரன் கிருத்திகை நக்ஷத்திரத்தோடு கூடுகிற நாளே அந்த நாள். அநேகமாக அன்று பௌர்ணமியாக இருக்கும். இல்லாவிட்டால் பௌர்ணமிக்கு முந்திய நாளாகவோ அடுத்த நாளாகவோ இருக்கும்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்தால் ஓர் ஆச்சரியம் புலப்படும். அமாவாசை இரவில் விளக்கேற்றுவதற்கு நியாயம் தேட வேண்டியதில்லை. இருட்டு இருக்கிறது, அதைப் போக்க வெளிச்சம் வேண்டும். ஆனால் பூரண சந்திரன் கீழ்வானில் புறப்பட்டு, தெருவெல்லாம் பால் வார்த்தாற்போல் நிலவு பொழிகிற அந்தி வேளையில், கட்டைவிரல் அளவுகூட இல்லாத திரியொன்றை எண்ணெயில் நனைத்து ஏற்றி வாசலில் வைப்பானேன்? அதனால் யாருக்கு என்ன வழி தெரியப்போகிறது? வீட்டுப் பெண்மணி வைத்த அகலின் ஒளி நிலவொளியில் கோலத்தின் ஓர் இதழைக்கூடக் கூடுதலாகக் காட்டப்போவதில்லை. பயனைக் கருதிச் செய்த காரியமாக இருந்தால் இதைவிடப் பொருத்தமில்லாத இரவை எவரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

பயனைக் காட்டாவிட்டால் நம்முடைய வழக்கங்களுக்கு மதிப்பிராது என்று அஞ்சுகிற சிலர், மழைக்காலத்தில் பெருகும் பூச்சிகள் விளக்குச் சுடரில் விழுந்து மடிவதற்காகவே பெரியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்று இக்காலத்தில் எழுதியும் பேசியும் வருகிறார்கள். ஊரில் உள்ள பூச்சியையெல்லாம் ஆண்டுக்கு மூன்று இரவில் அகல் விளக்கால் ஒழித்துவிடலாம் என்று நம்புகிற அளவுக்கு நம் பாட்டிமார் விவரம் அறியாதவர்கள் அல்லர். அக்ஞான இருளைப் போக்கும் ஞான தீபம் என்று சொல்லுகிற விளக்கம் இதைவிட மேலானதுதான், அதில் சந்தேகமில்லை. ஆயினும் எந்தப் பண்டிகையின் எந்த விளக்குக்கும் பொருந்துகிற விளக்கம் அது. கார்த்திகைக்கே உரிய தாத்பரியம், இந்த விளக்கு இருளை முன்னிட்டு ஏற்றப்படுவதன்று என்பதில் அடங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கே விளக்கு ஒரு கருவியாக இல்லை. அதுவே மூர்த்தி, அதுவே பூஜை.

இந்த வழக்கத்தின் பழமைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அகநானூற்றில் நக்கீரர் பாடிய பாட்டொன்றில், பொருள் தேடப் பிரிந்துபோன தலைவனை நினைத்து ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். மழை நீங்கிய வானத்தில் முயற்கறை தெளிவாகத் தெரியும்படி முழுமதி எழுந்து ஆறு மீன்களோடு சேர்கிற நள்ளிரவில், தெருக்களில் விளக்கு வைத்து, மாலைகள் தொங்கவிட்டு, பழமையான ஊர் முழுவதும் கூடிக் கொண்டாடும் திருவிழாவில் நம்மோடு கலந்துகொள்ள அவர் வந்துவிட மாட்டாரா என்று ஏங்குகிறாள். அதே தொகையில் ஔவையார், இலையெல்லாம் உதிர்ந்து பூவாகவே நிற்கும் இலவ மரத்தைப் பார்த்து, மகளிர் கூட்டம் ஆரவாரத்தோடு ஏற்றிய விளக்கு வரிசையை நினைக்கிறார். நற்றிணையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ இந்த மாதத்தை அறம் செய்வதற்குரிய மாதமாகச் சுட்டுகிறார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பாடல்களில் அண்ணாமலை இல்லை, அடிமுடி தேடிய கதையும் இல்லை. மழை ஓய்வதும், மதி நிறைவதும், ஆறு மீன்கள் அருகே நிற்பதும், பெண்கள் தெருவில் விளக்கு வைப்பதுமே விழாவாக இருந்திருக்கின்றன. புராணங்கள் பின்னால் வந்து இந்த விளக்கின் அருகே அமர்ந்துகொண்டன என்று சொன்னால் அது புராணங்களைக் குறைத்துச் சொல்வதாகாது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த ஒரு சுடரை அவை தேடி வந்தன என்றுதான் ஆகும்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூருக்கு வந்தபோது இவ்விழா அங்கே பழைய விழாவாகவே மதிக்கப்பட்டிருக்கிறது. சிவநேசர் என்ற வணிகருடைய மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோக, அவளுடைய அஸ்தியைக் குடத்திலிட்டு வைத்திருந்த தந்தையின் துயரம் தீரச் சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார் என்பது சைவர் அனைவரும் அறிந்த வரலாறு. அந்தப் பதிகத்தில் அவர் தத்துவம் எதையும் பேசவில்லை. ஐப்பசி ஓணம், மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று கபாலீச்சரத்துத் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலா போய்விடுவாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். அந்த வரிசையில் கார்த்திகை விளக்கீடும் ஒன்று; அதைத் தொன்மையான நாள் என்றே அவர் குறிக்கிறார். இறந்தவளைத் திரும்ப அழைப்பதற்குப் பண்டிகைகளின் பட்டியல் ஒன்றே போதும் என்று ஒரு மகான் கருதினார் என்றால், பண்டிகை என்பதை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக எண்ணியிருந்தார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

கிருத்திகை என்பது தனி நக்ஷத்திரம் அன்று. நெருங்கி நிற்கும் பல விண்மீன்களின் கூட்டம். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். கார்த்திகை மாதத்தில் சூரியன் மேற்கே மறைகிற வேளையை ஒட்டி அந்தக் கூட்டம் கிழக்கே தோன்றி இரவு முழுவதும் வானில் இருக்கும். சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகத் தோன்றிய முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களே இந்த மீன்கள் என்பதும், அதனால் அவனுக்குக் கார்த்திகேயன் என்ற திருநாமம் வாய்த்தது என்பதும் குழந்தைகளுக்கும் தெரியும். பெற்றவளைப் போலவே வளர்த்தவர்களையும் வானத்தில் ஏற்றி வைத்துக் கொண்டாடுவது அழகான ஐதிகம். மாதந்தோறும் கிருத்திகை விரதம் இருக்கும் முருகபக்தர்களுக்குக் கார்த்திகை மாதத்துக் கிருத்திகை பெரிய கிருத்திகையாகும். காசியில் கங்கைக் கரைப் படித்துறைகளெல்லாம் தீபமயமாக ஜொலிக்கும் கார்த்திகைப் பூர்ணிமையும் இதன் உறவுதான். ஆனால் அவர்களுடைய மாதக் கணக்கு வேறு, நம்முடைய சௌரமானக் கணக்கு வேறு ஆதலால், 2021இல் நேர்ந்ததுபோல் இரண்டும் ஒரே நாளில் கூடுவதும், 2024இல் நேர்ந்ததுபோல் ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போவதும் உண்டு.

இனித் திருவண்ணாமலைக்கு வருவோம். பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் தம்முள் பெரியவர் யார் என்ற வாதம் மூண்டபோது, இருவருக்கும் நடுவே ஆதியும் அந்தமும் தெரியாத ஜோதி ஸ்தம்பமாகச் சிவபெருமான் எழுந்து நின்றார். விஷ்ணு வராகமாகி அடியைத் தேடி மண்ணை அகழ்ந்தார், பிரம்மா அன்னமாகி முடியைத் தேடி விண்ணில் பறந்தார். அடியைக் காணவில்லை என்று விஷ்ணு ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ, முடியிலிருந்து உதிர்ந்து வந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாக்ஷியாகப் பிடித்துக்கொண்டு, கண்டதாகப் பொய் உரைத்தார். அதன் பலனாக அவருக்குப் பூலோகத்தில் கோயில் இல்லாமற்போயிற்று. தாழம்பூவும் சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்டது. அந்த ஜோதியின் வெம்மையை உலகம் தாங்க மாட்டாமையால், அது குளிர்ந்து அண்ணாமலையாக உறைந்தது என்று தலபுராணம் சொல்லும். ஆகவே அங்கே மலைமேல் இறைவன் இருக்கிறான் என்பதில்லை, மலையே இறைவன்.

சோழர் காலத்துச் சிவாலயங்களில் கர்ப்பக்கிருகத்தின் பின்சுவர் மாடத்தைப் பார்த்தால் இந்தக் கதையை ஸ்தபதி எவ்வளவு நுட்பமாக வாங்கிக்கொண்டான் என்பது விளங்கும். தூணைப் பிளந்த நீள்வட்டத்தின் நடுவே பெருமான் நிற்பார். மேலே ஓர் அன்னம், கீழே ஒரு பன்றி. இறைவனுடைய பாதங்கள் மட்டும் செதுக்கப்பட்டிருக்க மாட்டா. தேடியவனுக்கே கிட்டாத அடியைச் சிற்பி எப்படிக் காட்டுவான்? லிங்கோத்பவர் என்னும் இந்த மூர்த்திக்கு மாசி மாதத்துச் சிவராத்திரியிலும் நள்ளிரவில் விசேஷ பூஜை நடக்கிறது. ஒரே கதை இரண்டு பண்டிகைகளுக்கு உரியதாயிருப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை; சிவராத்திரியில் அதைக் கண்விழித்து நினைக்கிறோம், கார்த்திகையில் அதைக் கண்ணால் காண்கிறோம்.

காண்கிறோம் என்று சொன்னது உபசாரத்துக்காக அன்று. 2,668 அடி உயரமுள்ள அந்த மலையின் உச்சியில், ஆளுயரத்துக்கு ஒத்த கொப்பரையை வைத்து, அண்மை ஆண்டுகளில் 3,500 கிலோவுக்குக் குறையாத நெய்யும், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணித் திரியும், கர்ப்பூரமும் இட்டு ஏற்றுகிற தீபம், சுற்றுவட்டாரத்தில் பல கிராமங்களுக்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்தத் தீபத்தை ஏற்றும் உரிமை பர்வத ராஜ குலத்தார் என்று வழங்கும் மீனவ சமூகத்தினருக்கு உரியது. கடலோ ஆறோ இல்லாத மலையூரில், வலை வீசுவதைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள் நெய்க்குடமும் திரியும் சுமந்து செங்குத்தான பாறை வழியே ஏறி உலகுக்கு விளக்கேற்றுகிறார்கள் என்பது இத்திருவிழாவின் அரிய சிறப்புக்களில் ஒன்று.

விழா பத்து நாள். அதற்கு முன்பே துர்க்கையம்மனுக்கும் பிடாரிக்கும் விநாயகருக்கும் மூன்று நாள் உற்சவம் நடத்திக் காவல் வேண்டிக்கொள்வார்கள். கிராமத்து வழக்கமும் ஆகம வழக்கமும் இங்கே ஒன்றையொன்று தள்ளாமல் கைகோத்து நடக்கின்றன. பிறகு கொடியேற்றம், காலையும் இரவும் வெவ்வேறு வாகனங்களில் பஞ்சமூர்த்திகளின் புறப்பாடு, ஏழாம் நாள் தேரோட்டம். கடைசி நாள் விடியற்காலை நான்கு மணியளவில் சந்நிதியில் பரணி தீபம் ஏற்றுவார்கள். முதலில் ஒரே தீபம். அதிலிருந்து ஐந்து தீபங்கள். ஒன்றாக இருப்பவனே பலவாகிறான் என்பதைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான பாஷ்யம் இருக்க முடியாது. அந்த நெருப்பே மலையுச்சிக்குப் போகிறது.

மாலையில் பஞ்சமூர்த்திகள் ஒருவர்பின் ஒருவராகத் தீபதரிசன மண்டபத்துக்கு எழுந்தருள்வார்கள். கோயிலுக்குள்ளும் தெருவிலும் மாடிகளிலும் நிற்கும் லக்ஷக்கணக்கான ஜனங்களின் கண்கள் மலையுச்சியையே நோக்கியிருக்கும். ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் உள்ளிருந்து ஆனந்த நடனமாடியபடி வெளியே வருவார். அம்பிகைக்கு இறைவன் தன் உடலில் இடப்பாகம் தந்தது இந்தக் கார்த்திகை நன்னாளில்தான் என்பது ஐதிகமாதலால், ஆண்டில் இந்த ஒரு நாள், அதுவும் சில நிமிஷங்கள் மாத்திரமே, அந்த மூர்த்தி கொடிமரத்தடிக்கு வருகிறார். அவர் வந்ததும் கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏற்றப்படும். அதே கணத்தில் உச்சியில் சுடர் எழும். அரோகரா என்ற கோஷம் கோபுரங்களில் மோதித் திரும்பும். அதுவரையில் ஊரில் வீட்டு விளக்கு ஏற்றாமல் காத்திருந்த பெண்கள், மலையில் ஜோதியைக் கண்டபிறகே தங்கள் வாசல் அகலை ஏற்றுவார்கள்.

அந்த மலையை 14 கிலோமீட்டர் தூரம் வலம் வரும் வழியில் இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் உண்டு. தீபத்துக்கு அடுத்த நாட்களில் அண்ணாமலையாரே உண்ணாமுலையம்மையோடு கிரிவலம் வருகிறார். தை மாதத்துத் திருவூடலை ஒட்டி இன்னொரு முறையும் வருவதுண்டு. மலை தானேயாகியிருக்க, தன்னையே சுற்றிவரும் தெய்வம் என்று இதை நினைக்கும்போது புன்னகை வராமல் இருக்காது; ஆனால் நம்மவர்கள் இதிலெல்லாம் முரண்பாடு பார்ப்பதில்லை. 2024 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் அந்த மலையின் ஒரு பக்கம் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதி கிடைக்கவில்லை. எனினும் 13ஆம் தேதி மாலை உச்சியில் தீபம் எரிந்தது.

திருவண்ணாமலையை இவ்வளவு சொல்லிவிட்டபிறகு வீட்டு வாசலுக்கு வருவது உச்சியிலிருந்து இறங்குவதுபோல் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைத் தீபத்தின் விசேஷமெல்லாம் அது பல்லாயிரம் வாசல் விளக்குகளுக்குத் தலைமை தாங்குகிறது என்பதே. அந்த வாசல்களுக்கு விழா மூன்று நாள். முதல் நாள் பரணி. மறுநாள் பெரிய கார்த்திகை. மூன்றாம் நாளைக் கொல்லைக் கார்த்திகை என்றும் குப்பைக் கார்த்திகை என்றும் ஊருக்கு ஊர் பெயரிட்டு வழங்குவார்கள். பெரிய கார்த்திகையன்று வீட்டை மெழுகி, மாக்கோலமிட்டுச் செம்மண் பூசி, திண்ணை, மாடம், துளசி பிருந்தாவனம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம், உரல், அம்மி என்று குடும்பத்துக்கு உழைக்கும் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு விளக்கு வைப்பார்கள். மூன்றாம் நாள் கொல்லைப்புறத்துக் குப்பைமேட்டில் விளக்கேறும்.

குப்பைமேட்டில் விளக்கு என்றால் பட்டணத்துப் பிள்ளைகள் நகைக்கக்கூடும். அவர்கள் அறிந்த குப்பை வேறு. சாணமும் சருகும் சாம்பலும் ஆண்டு முழுவதும் சேர்ந்து மக்கிக் கிடக்கும் அந்தக் குழிதான் உழவனுடைய வயலுக்குச் சோறு. அதை லக்ஷ்மி வாசம் செய்யும் இடமாக அவன் கருதினான். வீட்டில் எது மிகத் தாழ்ந்தது என்று எண்ணப்படுமோ அதற்கும் ஒரு நாளை ஒதுக்கி, பூஜை அறையில் ஏற்றும் அதே அகலை அங்கேயும் ஏற்றி வைத்துக் கும்பிடுகிற மனோபாவம், சாஸ்திரங்களைப் படித்துப் பெறக்கூடியதன்று. இந்தப் பண்டிகையின் வழக்கங்களில் எதை விட்டாலும் இந்தக் குப்பைக் கார்த்திகையை விட்டுவிடக் கூடாது என்பது என் அபிப்பிராயம், விட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

தமிழ்நாட்டின் பண்டிகைகளுள் பனைமரத்துக்கு இவ்வளவு இடம் தந்த பண்டிகை வேறில்லை. கோயில் முன்னே பனைமரத் துண்டு ஒன்றை நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த பனையோலைகளைக் கூம்பாகக் கட்டி, ஸ்வாமி எழுந்தருளியதும் தீபாராதனை காட்டி அதைக் கொளுத்துவார்கள். இது சொக்கப்பனை. ஓலை படபடவென்று வெடித்துத் தீப்பிழம்பு கோபுரத்தோடு போட்டியிட்டு எழும்போது குழந்தைகளுக்குப் பயமும் குதூகலமும் ஒருங்கே உண்டாகும். அடிமுடி காணாத ஜோதி என்பார் சிலர். திரிபுரங்களை எரித்த காட்சி என்பார் சிலர். குடியானவர்கள் அர்த்தம் கேட்டுக்கொண்டிராமல், எரிந்து மிஞ்சிய கரியையும் சாம்பலையும் எடுத்துப்போய் வயலில் இடுவார்கள்.

சிறுவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆனந்தம் மாவளி சுற்றுவது. ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைச் சேகரித்து, குழி தோண்டி அதில் இட்டு எரித்து, சாம்பலாகுமுன் மூடிக் கரியாக்கி, அந்தக் கரியை நன்றாக இடித்துத் தூளாக்கிப் பழந்துணியில் நீளமாகச் சுருட்டிக் கட்டிக்கொள்வார்கள். பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே அதைச் செருகி இறுக்கி, நீண்ட கயிறு பிணைத்து, முனையில் கங்கு வைத்துத் தலைக்குமேல் சுழற்றினால், பொன்னைப் பொடி செய்து வட்டமாக இறைத்தாற்போல் பொறிகள் கொட்டும். மருந்து இல்லை, சத்தம் இல்லை, காசு செலவும் இல்லை. வேண்டியது பனையும் பொறுமையுமே. மாவலிச் சக்கரவர்த்தியோடு இதைச் சேர்த்துச் சொல்லும் கதையும் உண்டு. கடையில் வாங்கிய மத்தாப்பு வந்தபிறகு ஒரு வார காலம் கரி தயாரிக்கப் பையன்களுக்கு அவகாசம் இல்லை, பனைகளும் குறைந்துவிட்டன. வடமாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்னும் சுற்றுகிறார்கள்.

தென்கோடியில், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களில், இதே பனை அடுக்களைக்குள் வருகிறது. பச்சரிசி மாவில் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, இளங்குருத்தோலையின் மடிப்புக்குள் வைத்து, ஓலைக் கிழிசலாலேயே கட்டி ஆவியில் வேகவைக்கிற ஓலைக் கொழுக்கட்டைக்கு, வெந்த ஓலையின் மணம் ஏறியிருக்கும். அந்த மணத்தை வேறெந்தப் பாத்திரத்திலும் வேகவைத்துப் பெற முடியாது. மற்றப் பிரதேசங்களில் நைவேத்தியம் பொரி உருண்டையும் அப்பமும் அடையும். நெற்பொரியும் அவல்பொரியும் வாங்கி, உமியும் கல்லும் பொறுக்கி, வெல்லத்தைப் பாகு வைத்து, அந்தப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுத் திரட்டிப் பார்த்தால் கல்போல் திரள வேண்டும். அது தவறினால் உருண்டை உதிர்ந்துபோகும். பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காயும் பொட்டுக்கடலையும் சுக்கும் ஏலமும் சேர்த்து, சூடு ஆறுமுன் கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உருட்டிவிட வேண்டும். பொரியின் வெண்மை திருநீற்றைக் குறிக்கிறது என்றெல்லாம் வியாக்கியானம் செய்வாருண்டு. உருட்டுகிறவர்களுக்கு உள்ளங்கைச் சூட்டைத் தாங்குவதே தத்துவம்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உடன்பிறந்த சகோதரர்கள் நலமாயிருக்க வேண்டும் என்று பெண்கள் இந்நாளில் உபவாசமிருப்பதும், சகோதரிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கார்த்திகைச் சீர் வருவதும் பல குடும்பங்களில் உண்டு. ஆறு தாயாருக்கு ஒரு பிள்ளை என்ற கதையின் பண்டிகை உடன்பிறப்பின் பண்டிகையாகவும் விளங்குகிறது.

சைவர்களுக்கு மாத்திரமே இது சொந்தம் என்று நினைப்பவர்கள் பெருமாள் கோயில்களில் இதே காலத்தில் நடக்கும் தீப உற்சவத்தைப் பார்த்ததில்லை என்று கொள்ள வேண்டும். அங்கேயும் சொக்கப்பனை உண்டு. காஞ்சிபுரத்தில், வேதாந்த தேசிகர் அவதரித்த தூப்புலுக்கு அருகே, விளக்கொளிப் பெருமாள் என்ற திருநாமத்தோடு ஒரு திவ்யதேசமே இருக்கிறது. பிரம்மாவின் யாகத்தைக் கெடுக்கச் சூழ்ந்த இருளில் பெருமாள் தாமே விளக்காகி நின்றார் என்பது அங்கத்திய வரலாறு. திருமங்கையாழ்வாரின் திருநக்ஷத்திரமும் கார்த்திகையில் கார்த்திகையே. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் சம்பந்தர் வழங்கிய விளக்கீடு என்ற பெயராலேயே இதை இன்றும் அழைக்கிறார்கள். படலையருகே வாழைத்தண்டை நட்டு அதன் தலையில் சுடரேற்றுவது அவர்களுடைய அழகான மரபு.

நிலவிருக்க விளக்கெதற்கு என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் தம் வழியில் விடை கூறுகின்றன. அரசர் முதல் குடியானவர் வரை கோயிலுக்குச் செய்த தர்மங்களில் மிகுதியானது நுந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் இத்தகைய விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடும் சாவும் குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாதாகையால், சாவா மூவாப் பேராடு என்று அவற்றுக்குப் பெயர். நட்டநடுப் பகலிலும் எரியும் விளக்குக்காக ஒருவன் தன் மந்தையை எழுதிவைக்கிறான் என்றால், அவனிடம் போய் இருளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

மந்தை இல்லாதவர்களும் இருந்தார்கள். கணம்புல்லர் என்ற நாயனார் செல்வமெல்லாம் விளக்கெரித்தே தீர்ந்தபின், தில்லையில் கணம்புல் அரிந்து விற்று நெய் வாங்கினார்; புல் விலைபோகாத நாளில் புல்லையே திரித்து எரித்தார்; அது யாமம் முடிய நில்லாமற்போகவே, தம் தலைமயிரையே விளக்கிலிட்டு எரித்தார். அவருடைய குருபூஜை கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நக்ஷத்திரத்தன்று. நெய்க்கொப்பரை எரியும் அதே இரவில் புல்விளக்கு ஏற்றிய ஏழையையும் நினைக்கும்படி நாள் அமைந்திருப்பது தற்செயல்தானோ என்னவோ, பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

இந்த விளக்கை வனையும் குயவருக்கு இது கஷ்டமான பருவம். பண்டிகை மழைக்காலத்தின் கடைசியில் வருகிறது. வனைந்த பச்சை மண் காய வெயில் வேண்டும், சூளைக்கு ஈரமில்லாத விறகும் வைக்கோலும் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குமுன்பே வனைந்து காயவைத்துச் சுட்டு வைத்தால்தான் கார்த்திகைக்குக் கூடை நிரம்பும். மெழுகு ஊற்றிய கிண்ணங்களும் மின்சாரச் சரங்களும் மலிவாகக் கிடைக்கிற இந்நாளில், இவ்வளவு பாடுபட்டுத் தெருவில் கொண்டுவந்து வைக்கப்படும் அகலுக்குப் பேரம் பேசாதிருப்பது குறைந்தபக்ஷ மரியாதை. வாங்கிய புது அகலை ஒரு பகல் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக்கொண்டால் அது எண்ணெயைக் குடிக்காது; சென்ற ஆண்டு விளக்குகளையும் கழுவி மீண்டும் ஏற்றலாம்.

திருவண்ணாமலைக்குப் போய்த் தரிசிக்க ஆசையிருந்தும் கூட்டத்துக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடும் முதியவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைத் தீபம் அந்த ஒரு மாலையோடு முடிந்துவிடுவதில்லை. பதினொரு நாள் எரிகிறது. நெரிசல் வடிந்தபின் அந்த நாட்களில் ஏதேனும் ஒரு நாள் சென்றால், ஊரின் எந்தத் தெருவில் நின்றும் நிதானமாகப் பார்க்கலாம். அதற்குப்பின் கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியை மையாக்கி, மார்கழித் திருவாதிரையன்று நடராஜப் பெருமானுக்கு முதலில் சாற்றிவிட்டுப் பக்தர்களுக்கு வழங்குகிறார்கள். தீபத்தைக் காண இயலாதவர்கள் அந்த மையையாவது பெற்று நெற்றியில் இட்டுக்கொள்ளலாம்.